கிளிக்கு வாங்கிய அனுமதி

குத்தகை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது நிபந்தனையை என் மனைவிதான் எனக்கு வாசித்துச் சொன்னாள். காணிச் சொந்தக்காரியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்த மிருகத்தையும் காணிக்குள் கொண்டுவரக் கூடாது. கையெழுத்து வைத்த நேரத்தில் அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நான் கொண்டுவர நினைத்திருந்தது கத்தரிக் கன்றும் மிளகாய்க் கன்றும்தான். மற்ற நிபந்தனைகளுக்கெல்லாம் பயந்து இரண்டு நாள் நித்திரையில்லாமல் கிடந்த நான், பயப்பட வேண்டிய ஒன்றைத் தவறவிட்டுவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மனைவி நேர்ஸ். மெல்பேணில் அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். நான் அவளுடைய விசாவின் பின்னால் வந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கிளேட்டனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலை கொடுத்தது. வாளி வார்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் எட்டு மணித்தியாலம். வேலை கஷ்டமில்லை, படிவங்கள்தான் கஷ்டம். சுகவீன லீவுக்குப் படிவம், கையில் சூடு பட்டால் படிவம், புதுச் சப்பாத்துக்குப் படிவம். மேற்பார்வையாளர் ஒரு தாளோடு என் பக்கம் நடந்து வருவார். தாளை வாங்கி, வாசிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, மனதுக்குள் பத்துவரை எண்ணி, மடித்துப் பையில் வைப்பேன். பின்னேரம் அவள் வாசித்துச் சொல்வாள்.

கிளேட்டனுக்கு அப்பால் ரோவிலில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது அதனால்தான். அப்போது அங்கே வீடுகள் குறைவு. மாடு மேய்கிற வெளிகளும் கம்பி வேலிகளும்தான். எங்கள் காணியின் பின்பக்கம் ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் த பேசின் என்ற ஊர்ப் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரியும். சனிக்கிழமை விடிந்ததும் பழைய காரில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். அந்த இரண்டு ஏக்கருக்குள் நிற்கும்போது மட்டும் நான் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு எந்த இடத்திலும் என் நெஞ்சு அப்படி அமைதியாக அடித்ததில்லை.

முதல் கோடையில் முயல்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. ஒரு கிழமை இருபது கன்று, அடுத்த கிழமை ஒரு வரிசை, பிறகு ஈர்க்குப்போலத் தண்டுகள் மட்டும். கோழிக்கூட்டுக் கம்பியால் வேலிக்குக் கீழே அடைத்தேன். கம்பிக்குக் கீழே தோண்டிக்கொண்டு வந்தன. நான் கிளேட்டனில் வாளி வார்த்துக்கொண்டிருக்கும்போது அவை ரோவிலில் என்ன செய்துகொண்டிருக்குமோ என்று நினைத்து நினைத்தே ஒருநாள் இயந்திரத்தைத் தவறான நேரத்தில் திறந்து, அதற்கும் ஒரு படிவம் வந்தது.

அந்தத் தாளை வாசித்து முடித்துவிட்டு மனைவி சொன்னாள்:

"இஞ்ச பாருங்கோ, அடுத்த முறையும் இப்பிடியெண்டால் காணியைத் திருப்பிக் குடுத்துப்போடுவம். சனி ஞாயிறிலை உங்களைக் காணக் கிடைக்கிறேல்லை. மற்ற நாளிலை உங்கட கவலையைத்தான் காணுறன்."

"இன்னும் ஒரேயொரு முறை பாப்பம்."

"ஒரேயொரு முறைதான். சொல்லிப்போட்டன்."

ஒத்துக்கொண்டேன். அடுத்த நடுகைக்கு முன் முயல்களை ஒழிக்காவிட்டால் காணி இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

காணிக்கு எதிர்ப்பக்கம், தார் றோட்டைக் கடந்தால், ஒரு தகரக் கூரை வீடு. அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியே இருந்தார். முழங்கால் ஒன்று மடங்காது. பென்சன் எடுத்துவிட்டு, பக்கத்துப் பண்ணைகளில் முயல் பிடித்துக் கொடுப்பதே பொழுதுபோக்கு. அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அது எனக்குள் எங்கள் தமிழாகவே கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவருடைய 'மேட்' மட்டும் மேட்தான், கூட்டாளி என்று அர்த்தம்.

முதல்நாள் என் மொட்டைத் தண்டுகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எந்த ஊர் மேட் நீ?"

"சிலோன்."

"அப்ப ஏன் உதுகளை நடுறாய்? தேயிலையை நடு. முயல் தேத்தண்ணி குடிக்காது."

தானே சொல்லித் தானே சிரித்தார். பிறகு வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரக்கூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பிராணிகள். ஒன்று மண்ணிறக் கடுவன், மற்றது சிவப்புக் கண்ணோடு வெள்ளைப் பெட்டை. கீரியைப்போல நீளம், கீரியைவிட மெல்லிசு. பழைய நெய் கெட்டுப்போன மணம். ஃபெரற் என்றார். எங்களிடம் அதற்குப் பெயரில்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'வெள்ளைக்காரரின் கீரி' என்று எழுதினேன்.

வேலை எப்படி என்று அவர் விளக்கினார். முயல் வளைக்கு வாசல் ஒன்றல்ல, ஏழெட்டு இருக்கும். எல்லா வாசலிலும் சின்னச் சுருக்கு வலையை விரித்து முளை அடிக்க வேண்டும். ஒரு வாசலால் ஃபெரற்றை உள்ளே விட்டால், அதன் மணத்துக்கே முயல்கள் பதறிக்கொண்டு வெளியே பாய்ந்து வலையில் சுருண்டு விழும். வெடியில்லை, நச்சு மருந்தில்லை.

"மருந்து போட்ட காணிக்குள்ள மட்டும் நான் கால் வைக்க மாட்டன்," என்றார். "மருந்து திண்ட முயலை இதுகள் கடிச்சால் சரி, முடிஞ்சுது. எனக்கு ஒரு நாய் அப்பிடிப் போனது. மருந்து போட்டால் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போறேல்லை."

அவர் பெட்டையைத் தூக்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் விட்டார். அது கழுத்துப் பக்கத்தால் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. "என்ர வடிவான பெட்டை," என்றார். காசு கேட்கவில்லை. பிடிபடும் முயல் தனக்கு, அவ்வளவுதான். "காணிக்காரியிட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போடு. கேளாமல் நான் ஒருத்தற்ரை வேலியும் தாண்டுறேல்லை."

அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்குள் நான் பட்ட பாடு.

காணிக்காரி விதவை, மெல்பேணில் கியூ என்ற பகுதியில் இருந்தார். மனைவி பேசித் தருவதாகச் சொன்னாள். இந்த ஒன்றையாவது நானே செய்வேன் என்று எனக்கு ஒரு வீம்பு. சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, தொழிற்சாலைக்குப் பக்கத்து ரெலிபோன் பெட்டிக்குள் போய், மூன்று தடவை காசைப் போடாமலே திரும்பி வந்தேன். நாலாம் தடவை போட்டேன்.

முயல் தொல்லை என்றேன். ஐயோ என்று அனுதாபப்பட்டார். முயலைத் துரத்துவதற்காக ஒரு ஃபெரற் கொண்டுவர விரும்புகிறேன், சம்மதமா என்றேன். பிறகு மிகவும் அன்பாக, ஒரு குழந்தையோடு கதைப்பதுபோல, தாராளமாகக் கொண்டுவா, உனக்கு விருப்பமான பறவை எதையும் வைத்துக்கொள், பறவைகளில் தனக்கு ஆட்சேபனையே கிடையாது என்றார். நன்றி நன்றி என்று சொல்லி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

"சம்மதமாம். எந்தப் பறவையெண்டாலும் பரவாயில்லையாம்."

மனைவி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பறவையோ? ஆர் பறவையைப் பற்றிக் கதைச்சது?"

"அவ அப்பிடித்தான் சொன்னவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்? அந்தச் சொல்லை ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"பெரற்."

"இன்னொருக்கா."

"பெரற் எண்டுதானே சொல்லுறன்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். வெங்காயக் கண்ணீரோடு சிரிப்புக் கண்ணீரும் சேர்ந்து ஓடியது. "ஐயோ, பெரற் எண்டால் கிளியப்பா. நீங்கள் கிளி வளக்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள். முயலைத் துரத்தக் கிளி!"

எழுத்தில் மட்டும்தான் எனக்கு அந்த ஃ ஒலி வரும். என் வாயில் ஃபான் என்ற மின்விசிறியும் பாண் என்ற ரொட்டியும் ஒன்றுதான், காற்றும் தரும், கோப்பியோடு தின்னவும் செய்யலாம். அவள் சிரித்தது எனக்குக் கோபமில்லை. அந்தச் சிரிப்பு நல்லாய் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கிழவரிடம் சொன்னபோது அவர் இருமல் வரும்வரை சிரித்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு படியில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் முதல் கேள்வி அதுதான்: "என்ன மேட், கிளி கதைக்கத் தொடங்கீட்டுதோ?"

பிறகு கடிதம் எழுதினோம். அவள் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தந்தாள். நான் அதைப் பார்த்து என் கையால் படியெடுக்க வேண்டும். நாலு வரி மரியாதைக் குறைவாக எனக்குத் தெரிந்தது. தங்கள் கீழ்ப்படிவுள்ள என்று முடிக்கலாமே என்றேன்.

"என்னப்பா, அரசாங்கக் கச்சேரிக்கு மனுவோ குடுக்கிறியள்? இது ஒரு மனுசிக்கு எழுதுற கடுதாசி."

அனுப்பிய பிறகு பதினொரு நாள். ஒவ்வொரு பின்னேரமும் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருந்திருக்குமோ, கிளிக்காரன் இப்போது கீரி கேட்கிறான் என்று கோபப்பட்டிருப்பாரோ, குத்தகையையே நிறுத்திவிடுவாரோ. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மனைவி வேலை முடிந்து வந்த களைப்போடு, கோட்டைக் கழற்றாமலே நின்று வாசித்தாள்.

"சம்மதமாம். கிளிக் கதையை நினைச்சுச் சிரிச்சவவாம்." பிறகு அவள் முகம் மாறியது. "ஆனால் ஒரு விஷயம் எழுதியிருக்கிறா. போன மாசம் அவவின்ர மருமகன் ஓடைக் கரையோட மருந்து போட்டவராம். கரட் துண்டிலை கலந்து. உங்களுக்குச் சொல்ல மறந்துபோனாவாம். முயல் பிடிக்க வாற ஆளிட்டைக் கட்டாயம் சொல்லிப்போட வேணுமாம். அவர் தெரிஞ்சுகொண்டு வந்தால்தான் தனக்குச் சம்மதமாம்."

"ஓ."

"மறக்காமல் சொல்லிப்போடுங்கோ என்ன."

"ஓம், ஓம்."

என் முகத்தில் அவள் எதையும் காணவில்லை. எப்போதும் கவலையாக இருக்கிற முகத்தில் புதுக் கவலை ஒன்று வந்தால் தெரியாது.

மருந்து போட்ட காணியில் கால் வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னது எனக்குள் ஓடியது. ஒரு வருஷம் என்றார். ஒரு வருஷம் என்றால் இந்த நடுகை இல்லை. இந்த நடுகை இல்லையென்றால் காணி இல்லை. பிறகு சனிக்கிழமைகளில் நான் எங்கே போவேன்? கிளேட்டன் பிளாட்டில் ஜன்னலோரம் இருந்து, திங்கட்கிழமை என்ன தாள் வருமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கடிதத்தைக் கிழவரிடம் கொண்டுபோனேன். அவரே வாசிக்கட்டும், நான் சொல்ல வேண்டியிராது என்று ஒரு கோழை யோசனை. அவர் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார், கை ஈரம், கண்ணாடி உள்ளே. "சம்மதமோ?" என்றார். "யெஸ்," என்றேன். நீட்டிய கடிதத்தைக் கையால் தள்ளிவிட்டார். "நீ சொன்னால் போதும் மேட்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை, தொடங்குவதற்கு முன் சொல்வோம் என்று ஒத்திவைத்தேன்.

அந்தச் சனி புல்லெல்லாம் உறைபனி. மனைவிக்குக் காலை வேலை. கிழவர் பெட்டியைத் தோளில் கொழுவிக்கொண்டு, வலைகளைச் சாக்கில் கட்டி, நொண்டி நொண்டி றோட்டைக் கடந்து வந்தார். படலையைத் திறந்துவிட்டேன். சொல்ல வேண்டிய வசனத்தைக் காரில் வரும்போதெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் முதல் வளைக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி, இடுப்பை நிமிர்த்தி, தானாகவே கேட்டார்:

"இஞ்ச ஒருத்தரும் மருந்து ஒண்டும் போடேல்லைத்தானே?"

தமிழில் இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு விதம். போடவில்லையென்றால் 'ஓம், போடேல்லை.' போட்டிருந்தால் 'இல்லை, போட்டது.' யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானே சொல்லும். என் வாயும் அப்படித்தான் தொடங்கியது. இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலம் நோ.

"நோ," என்றேன்.

மிச்சம் நாக்கில் இருந்தது. போட்டது, ஓடைக் கரையில், போன மாதம். எல்லாம் வரிசையாக நின்றது.

"நல்லது," என்று சொல்லிவிட்டு அவர் குனிந்தார்.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. ஆங்கிலக்காரனுக்கு நோ என்றால் போடவில்லை. எத்தனையோ தடவை தொழிற்சாலையில் இதே குழப்பத்தில் மாட்டியிருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சாக்கின் கட்டை அவிழ்த்தார், குளிரில் விரல் மரத்து முடிச்சு இளகவில்லை, பல்லால் இழுத்தார். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. ஒரு சொல் போதும். நான் அவருக்கு முளை எடுத்துக் கொடுத்தேன்.

ஓடைக் கரை தூரம்தானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இந்த முன்பக்கத்து வளைகளை முடிக்கட்டும், கரைப் பக்கம் போக முன் சொல்வேன். போன மாதத்து மருந்து மழைக்குக் கரைந்திருக்கும். இப்படியான காரணங்கள் எனக்கு எப்போதும் கைவசம் இருக்கும்.

முன்பக்கத்தில் வேலை அழகாக நடந்தது. பெட்டை வளைக்குள் வெள்ளை நாடாவைப்போல வழுக்கிப் போகும். கிழவர் காதை மண்ணில் வைத்துக் கேட்பார். நிலத்துக்குக் கீழே யாரோ கதவைத் தட்டுவதுபோல டும் டும் என்று சத்தம். உடனே ஒரு வலை துள்ளும். மத்தியானத்துக்குள் பதினாலு முயல். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் குறைவு. அந்தச் சந்தோஷமும் சேர்ந்துதான் என் வாயை அடைத்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கரைப் பக்கம் கையை நீட்டினார். "பெரிய குடித்தனம் அங்கதான் இருக்கு."

"அங்க வேண்டாம். இவ்வளவும் போதும்," என்றேன்.

"என்ன போதும்? அதுகளை விட்டால் அடுத்த மாசம் பேரப்பிள்ளையளோட வருவினம். உனக்குப் பயமெண்டால் கிளியைப் பிடிச்சுக்கொண்டு இதிலை நில்."

சிரித்துக்கொண்டே நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அந்த முந்நூறு அடித் தூரத்தில் எத்தனை தடவை வாயைத் திறந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இப்போது சொன்னால், காலையில் ஏன் நோ என்றாய் என்று கேட்பார். காலையில் சொல்லாததால் மத்தியானம் சொல்ல முடியாமல் போய்விட்டது.

கரை வளைக்குள் பெட்டை போய் வெகுநேரம் வரவில்லை. வலை ஒன்றும் துள்ளவில்லை. கிழவர் மண்ணில் காதை வைத்து, இடம் மாறி வைத்து, "உள்ளுக்குச் சத்தமே இல்லை," என்றார். ஒருவாறு அது வெளியே வந்தது. வாயோரம் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்து மணந்து பார்த்தார். "இது பழசு. எப்பவோ செத்துக் கிடந்ததைத் திண்டிருக்கு." என்னைப் பார்க்கவில்லை. பெட்டியில் விட்டு மூடினார். அவருக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும், நான் சொன்னால் போதும் என்றவர்.

வலைகளைச் சுருட்டி, முயல்களைக் கம்பில் கொழுவி, அவர் வீட்டு முற்றத்துக்கு வந்து தோல் உரித்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தார். பெட்டை பக்கவாட்டில் கிடந்து, ஓடுவதுபோல நாலு காலையும் அடித்தது. கழுத்து பின்னால் வளைந்தது. அவர் அதைத் தூக்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். சட்டைக்குள்ளும் அது துடித்தது. அதிக நேரம் எடுக்கவில்லை, ஆனால் குறைவும் இல்லை.

"மருந்து," என்றார். "இது மருந்து. நான் உன்னைக் கேட்டனான்."

"நான் நோ சொன்னனான்," என்றேன்.

"ஓம், நீ நோ சொன்னனி."

"நோ. போட்டது. அவை போட்டவை. அதுதான் நோ சொன்னனான்."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். அவ்வளவும் சொல்லிவிட்டு நான் அழத் தொடங்கினேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் எனக்கு இன்றுவரை சகிக்க முடியாதது.

அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். நான் அவளுக்குச் சொன்னது அந்த முற்றத்துக் கதையை மட்டும்தான், இல்லை என்பதை நோ என்று சொன்ன கதை. அவள் உடனே நம்பினாள். கிளிக்கு அனுமதி வாங்கிய மனிதனின் பெண்சாதி எப்படி நம்பாமல் இருப்பாள்? கிழவரின் குசினி மேசையில் இருந்து, அவருடைய தேத்தண்ணிக் கோப்பையை உதாரணத்துக்கு எடுத்து, அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள்: இதற்குச் சீனி போடேல்லைத்தானே என்று நான் கேட்டால், போட்டிருந்தால் எங்கள் பாஷையில் பதில் 'இல்லை, போட்டது.' இவர் அதைத்தான் சொன்னவர். இவருடைய நோ, உங்களுடைய யெஸ்.

கிழவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளி மாதிரி," என்றார் மெல்ல.

"ஓம், கிளி மாதிரித்தான். இவர் வேணுமெண்டு ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யமாட்டார்."

"தெரியும்." என் பக்கம் திரும்பினார். நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிழை என்னில. ஒரு வேற்று நாட்டு மனுசனிட்டைக் கேள்வியைக் கோணலாய்க் கேட்டிட்டன். மருந்து போட்டதோ எண்டு நேரே கேட்டிருக்க வேணும்."

மனைவி அவருடைய கையைத் தொட்டாள். வரும் வழியில், "பாவம் மனுசன், எவ்வளவு பெருந்தன்மை," என்றாள். நான் காரை ஓட்டினேன்.

மூன்று கிழமை கழித்து அவர் மண்ணிறக் கடுவனோடு திரும்பி வந்தார். நான் கூப்பிடவில்லை. தொடங்கின வேலையை முடிக்க வேண்டும் என்றார். ஓடைக் கரையை விட்டு, மிச்சமெல்லாம் முடித்தார். ஒவ்வொரு வளைக்கு முன்னாலும் நின்று, என்னைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலைக் காட்டி ஒவ்வொரு சொல்லாகக் கேட்பார்: "இதிலை மருந்து இருக்கோ? இல்லையோ? இருக்கெண்டால் இருக்கெண்டு சொல்லு. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு." எனக்காக, எனக்கு விளங்க வேண்டுமென்று. நான் ஒவ்வொரு தடவையும் முழு வசனமாகப் பதில் சொன்னேன். கிளியைப் பற்றி அவர் பிறகு கேட்கவேயில்லை.

அந்தக் கோடை கத்தரி காய்த்த மாதிரி பிறகு எங்கும் நான் கண்டதில்லை. மிளகாயும் அப்படி. கிளேட்டனில் படிக்க வந்திருந்த எங்கள் பொடியன்களும் ஒன்றிரண்டு குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து பையோடு நின்றார்கள். மனைவியே சந்தோஷப்பட்டு, குத்தகையைப் புதுப்பிப்போம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். முதுகு நோகிறது என்றேன்.

"முயல் திண்டதுக்கு அழுதனீங்கள். இப்ப கத்தரிக்காய் காய்ச்சதுக்கும் அழுறியளோ? உங்களை எனக்கு விளங்கேல்லையப்பா."

அந்தக் காணியில் மட்டும்தான் பயமில்லாமல் நின்றேன் என்று எழுதினேன். அந்தக் கோடை முழுக்க, றோட்டுக்கு அப்பால் தகரக் கூரை வீட்டுப் படலை திறக்கிற சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் என்னவோ கையைக் காட்டத்தான் வெளியே வருவார்.

காணிப் படலைப் பூட்டின் திறப்பைக் காணிக்காரிக்குத் தபாலில் போட்ட அன்று, ஒரு சாக்குக் கத்தரிக்காயோடு அவரிடம் போனேன். சொல்லிவிடுவதென்றுதான் போனேன். வசனத்தை நானே ஆங்கிலத்தில் சேர்த்து வைத்திருந்தேன், மனைவியிடம் கேட்காமல். 'எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன்.' சின்ன வசனம்தான்.

படலையில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார். நான் வருவதைக் கண்டதும் கிழவர் அவரிடம் என்னைக் காட்டினார்.

"நான் சொன்னனானெல்லே, இவன்தான். இவையின்ர பாஷையிலை யெஸ்ஸும் நோவும் வேறமாதிரி. அது தெரியாமல் நான் என்ர பெட்டையைப் பறிகுடுத்தனான். இவனிலை ஒரு பிழையும் இல்லை. நல்ல மனுசன். இவையோட கதைச்சால் கேள்வியை நேராய்க் கேக்க வேணும், அவ்வளவுதான்."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "அப்பிடியோ? உன்ர பாஷை அப்பிடித்தானோ?"

நேரான கேள்வி. சாக்கை நிலத்தில் வைத்தேன்.

"யெஸ்," என்றேன்.